முந்நூற்று முப்பத்தோராம் பக்கத்துப் பறவை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் வலிக்கிறவர்கள் தாராளமாக நீட்டிக்கொள்ளலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு உங்களுக்குப் பொறாமைக் கதை ஒன்று சொல்கிறேன். கத்தி, ரத்தம் எதுவும் கிடையாது. ஒரு புத்தகத்தின் கடைசி எட்டுப் பக்கத்துக்காக இரண்டு ஓரகத்திகள் உள்ளுக்குள்ளேயே வெந்து தணிந்த கதை.

ஒரே வீட்டில் மாமனார், இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். மாமனார் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருடம் சங்கிலி போட்டு நிலம் அளந்தவர். எல்லைக்கல் எங்கே இருந்தது என்று கேட்டால் யோசிப்பார். அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்த கீச்சானுக்குக் கண்பட்டை எவ்வளவு கறுப்பு என்று கேட்டால் உடனே சொல்வார். ஓய்வு பெற்றதும் பார்த்த பறவைகளை எல்லாம் புத்தகமாக எழுத உட்கார்ந்தார். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு.

படம் போட்டது மூத்த மருமகள். ஒரு துணி ஆலையில் டிசைன் வரைகிற வேலை அவளுக்கு. நூலிழையும் பூவும் வரைந்த கைக்கு இறகு வரைவது ஒன்றும் சிரமமாக இல்லை. சாப்பாட்டு மேசையில் படங்களைப் பரப்பி உலரவைப்பாள். வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே மேசையைப் பார்த்துவிட்டு, "தொட்டா மெத்துனு இருக்கும் போல இருக்கே" என்பார்கள்.

இளையவள் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். பதினோரு வருட வேலை. பெயரடைவு தயாரிக்கும் பொறுப்பை மாமனார் அவளிடம் கொடுத்திருந்தார். பெயரடைவு தெரியுமில்லையா? புத்தகத்தின் கடைசியில் அகர வரிசையாகப் பெயர்களைப் போட்டு, இன்னது இத்தனையாம் பக்கம் என்று சொல்லுமே, அது. வீட்டில் எல்லோரும் இன்டெக்ஸ் என்றே சொன்னார்கள்.

அதை அவள் ஏனோதானோவென்று செய்யவில்லை. ஒரே பறவைக்கு ஊருக்கு ஊர் ஒவ்வொரு பெயர். மாமனார் எழுதியதோ பறவைக்கு ஒரு பெயர்தான். இவள் மீன்பிடிக்கிறவர், மாடு மேய்க்கிறவர், பழம் விற்கிறவர் என்று கண்டவரையெல்லாம் நிறுத்தி, "இதை நீங்க என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டு, அத்தனை பெயரையும் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதிப் பிஸ்கட் டப்பாக்களில் அடுக்கினாள். இரண்டு வருடத்தில் தொள்ளாயிரம் அட்டை. அட்டையைப் பார்த்து "மெத்துனு இருக்கும் போல" என்று யார் சொல்லப்போகிறார்கள்? வந்தவர்கள் கை வைக்க இடம் தேடும்போது டப்பாவை நகர்த்தி வைத்தார்கள், அவ்வளவுதான்.

அட்டையில் மூன்று கட்டம் போட்டிருந்தாள். முதல் கட்டத்தில் பெயர். இரண்டாவதில் விளக்கம் இருக்கும் பக்கம். மூன்றாவதில் படம் இருக்கும் பக்கம். படமெல்லாம் புத்தகத்தின் முன்பகுதி, விளக்கமெல்லாம் பின்பகுதி. ஆகவே ஒரு பறவைக்கு இரண்டு எண் வேண்டும். விளக்கத்தின் அடியிலேயே படத்தின் எண்ணைப் போட்டிருக்கலாம். மாமனார், "அதெல்லாம் சின்னவ இன்டெக்ஸ்ல பாத்துக்குவா" என்று விட்டுவிட்டார்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் அவள் வேலையிலிருந்து வந்து பார்த்தால், அவள் புருஷன் படுக்கையறைச் சுவரில் ஆணி அடித்து மீன்கொத்திப் படம் ஒன்றை மாட்டியிருந்தான்.

"எப்படி இருக்கு? அண்ணிகிட்ட கேட்டு வாங்கினேன்" என்றான் அவன். பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

"நல்லாத்தான் இருக்கு. என் அட்டையில ஒண்ணை மாட்டணும்னு உங்களுக்குத் தோணலையா?"

"அட்டையையா? அதுல என்ன இருக்கு பாக்குறதுக்கு?"

மறுநாளிலிருந்து காலையில் கண் விழித்தால் எதிரே ஓரகத்தியின் மீன்கொத்தி. நீலம் பளபளக்க அது அவளையே பார்க்கும். நாலு நாள் பொறுத்துப் பார்த்தாள். ஐந்தாம் நாள் ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, எல்லா அட்டையிலும் மூன்றாவது கட்டத்தை அழித்தாள். கண் இருக்கிறவன் படத்தைத் தானே தேடிக்கொள்ளட்டும் என்று நினைத்தாள். பென்சில் எழுத்துதானே, சுலபமாகப் போய்விட்டது. ரப்பர் தூளை ஊதித் தள்ளியபோது மனசு லேசானது போலக்கூட இருந்ததாம். பொறாமைக்கு அப்படி ஒரு குணம் உண்டு கண்ணுகளா, கொஞ்ச நேரத்துக்கு மருந்து மாதிரி இனிக்கும்.

புத்தகம் போடுகிற அம்மாள் வந்து கணக்குப் பார்த்தாள். அவளைப் பதிப்பாளரம்மா என்றே கூப்பிடுவோம். பதினாறு பக்கம் ஒரு பாரம். இருபது பாரம் முழுசு, இருபத்தோராவதில் பாதி. எட்டுப் பக்கம் மிச்சம்.

"அதுதான் இன்டெக்ஸ்" என்றாள் இளையவள்.

மூத்தவள் உள்ளே போனாள். மூன்று வாரம் கழித்து எட்டுப் படங்களோடு வந்தாள். கரையில் ஓடும் உள்ளான் வகைப் பறவைகள் கோடையில் ஒரு உடுப்பும் குளிரில் வேறொரு உடுப்பும் போடுமாம். கோடை உடுப்பு ஏற்கெனவே புத்தகத்தில் இருந்தது. இது குளிர்கால உடுப்பு. எட்டே எட்டுப் பக்கம்.

"எட்டா இருக்கே, எப்படிக்கா அவ்வளவு சரியா அமைஞ்சுது?" என்று கேட்டாள் இளையவள்.

"பறவை அத்தனைதான் உடுப்பு மாத்துது. நான் என்ன பண்ண?"

பதிப்பாளரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மாமனார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மூத்தவள்தான் தொடர்ந்தாள். "எனக்கு ஒண்ணு புரியல. ஒருத்தர் ஒரு பறவையைப் பாக்குறாரு. பேர் தெரியாமத்தான் புத்தகத்தைத் திறக்கிறாரு. பேர் வாரியா தேடுன்னு சொன்னா அவர் எதைத் தேடுவாரு? பேர் தெரிஞ்சவனுக்குப் புத்தகம் எதுக்கு?"

"தனியாவா போறாங்க அக்கா? கூட வந்தவர் 'அதோ பாரு பஞ்சுருட்டான்'னு கத்துவாரு. இவருக்குப் பேர் காதுல விழும். எந்தக் கிளை, எந்தப் பறவைன்னு தெரியாம முழிப்பாரு. அப்ப முந்நூறு பக்கத்தையும் புரட்டணுமா?"

"புரட்டட்டுமே. புரட்டினாத்தான் நாலு பறவை கண்ணுல படும். நீ பேரைச் சொல்லி நேரா அங்க கொண்டுபோய் விட்டா, ஒண்ணைப் பாத்துட்டு மூடிடுவாங்க. மிச்சத்தையெல்லாம் நான் யாருக்கு வரைஞ்சேன்?"

மாமனார் யார் பக்கம் பேசினாலும் சாப்பாட்டில் உப்பு மாறும் என்பதால், "ரெண்டும் நியாயம்தான்" என்றார். சர்வேயர் அல்லவா, நடுவில் கல் நட்டுப் பழக்கம்.

பதிப்பாளரம்மா ஒரு வழி சொன்னாள். மாதிரிப் புத்தகத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை ஏரிக்கரைக்குப் போவது. பறவையையே ஏறெடுத்துப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் தேடச் சொல்வது. இன்டெக்ஸ் உதவினால் இன்டெக்ஸ், இல்லாவிட்டால் குளிர்கால உடுப்பு. பறவையைப் பார்க்காதவராக அவள் அழைத்துவந்தது அவளுடைய பைண்டரை. முப்பது வருடம் புத்தகம் தைத்து ஒன்றைக்கூடப் படிக்காத மனிதர்.

ஏரியில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சேற்றில் ஒரு பறவை தனியாக நின்று குத்திக் குத்தித் தின்றது. மாமனார், "பச்சைக்காலி" என்றார்.

பைண்டர் பின்பக்கத்தைத் திறந்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, "பச்சைக்காலி, இருநூத்திப் பதினாலு" என்று கண்டுபிடித்துவிட்டார். இருநூற்றுப் பதினாலைத் திறந்தார். உதடு அசையப் படித்தார். பறவையைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"கால் பச்சைங்கிறீங்க. இங்கிருந்து எனக்குச் சேறாத்தான் தெரியுது. படம் எங்கம்மா?"

"முன்னாடி இருக்கும்" என்றாள் இளையவள்.

"முன்னாடின்னா எத்தனாம் பக்கம்?"

அவள் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பைண்டர் முன்பக்கத்துக்குப் போய்ப் புரட்டினார். ஆந்தை வந்தது, மரங்கொத்தி வந்தது, காடை வந்தது. அவர் நாரை வரைக்கும் வந்தபோது பச்சைக்காலி மூன்று தடவை கூவிவிட்டு அக்கரைக்குப் பறந்துபோனது.

"டோக்கனைக் கையில குடுத்துட்டு கவுன்ட்டர் எங்கன்னு சொல்லாத மாதிரி இருக்குங்க" என்று பைண்டர் புத்தகத்தை மூடினார்.

பதிப்பாளரம்மா பெருமூச்சு விட்டாள். "சரி, அப்ப படத்தையே போட்டுடலாம். நாளைக்கு மத்தியானம் மெஷின்ல ஏத்தணும்."

மூத்தவள் சிரிப்பாள் என்று நினைப்பீர்கள். அவள் பைண்டரிடமிருந்து புத்தகத்தை வாங்கி, கடைசி எட்டுப் பக்கத்தையும் மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தாள். தொள்ளாயிரம் பெயர். அவள் படம் இருந்த பக்கங்கள் பதினேழிலிருந்து நூற்றுப்பன்னிரண்டு வரை. அந்த எண்களில் ஒன்றுகூட அங்கே இல்லை. வீடு வந்ததும் சமையலறையில் இளையவள் தண்ணீர் குடிக்கப் போனபோது கதவருகே வந்து நின்றாள்.

"ஒண்ணு ரெண்டு விட்டிருந்தா மறதின்னு நினைச்சிருப்பேன்."

இளையவள் தம்ளரைக் கீழே வைத்தாள். பொய் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் பிழை திருத்துகிறவளுக்குத் தன் கைப்பிழையை அச்சுக்கோர்ப்பவன் மேல் போடுவது எவ்வளவு கேவலம் என்று தெரியும்.

"வேணும்னுதான் விட்டேன். முதல்ல எழுதியிருந்தேன். அழிச்சிட்டேன்."

"ஏன்?"

"எல்லாரும் உன் படத்தையே பாக்குறாங்க. என் புருஷன்கூட அதைத்தான் சுவத்துல மாட்டுறாரு. நான் ரெண்டு வருஷம் ஊரெல்லாம் நின்னு பேர் கேட்டேன், அதை யார் பாத்தா? என் வேலையிலயாவது உன் பேச்சு வரக்கூடாதுன்னு நினைச்சேன்."

மூத்தவள் அடுப்பு மேடையில் சாய்ந்தாள். "உனக்கு என்னடி குறைச்சல்? காலையிலேருந்து இந்த வீட்டுல என்ன சத்தம் கேக்குது? 'சின்னவளே, கொண்டலாத்தி எத்தனாம் பக்கம்? சின்னவளே, இதுக்கு இன்னொரு பேர் என்ன?' மாமா என்னைக் கூப்பிட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா? படம் முடிஞ்சதும் நான் முடிஞ்சேன். உன்கிட்டதான் தினமும் வேலை இருக்கு. அந்த எட்டுப் பக்கமும் உனக்குப் போகக் கூடாதுன்னுதான் நான் உக்காந்து வரைஞ்சேன். குளிர்கால உடுப்பு மேல எனக்கு என்ன ஆசை?"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இங்கே கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், ஆனால் அப்படி நடக்கவில்லை.

"பென்சிலை எடு. நான் சொல்றேன், நீ எழுது. படத்தை நான் போன மாசம் முன்னே பின்னே மாத்தி வெச்சிருக்கேன். உன் பழைய நம்பர் ஒண்ணும் உதவாது" என்றாள் மூத்தவள்.

"எட்டுப் பக்கம் உனக்குப் போயிடுச்சே. அப்புறம் எதுக்கு?"

"பைண்டர் என் படத்தைத் தேடினாரே, பாத்தல்ல? கண்ணெதிரே பறவை நிக்குது. என் படம் கையில இருக்கு. ஆனா கிடைக்கல. அப்படி யாருக்கும் கிடைக்காமப் போறதுக்கு நான் வரையல. உனக்கு விட்டுக்குடுத்தேன்னு மட்டும் நினைச்சுக்காத."

மத்தியானம் தொடங்கி விளக்குப் போடும் நேரம் வரை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். மூத்தவள் தன் கைப்பிரதியைப் புரட்டிப் பெயரும் எண்ணும் சொன்னாள். இளையவள் எழுதினாள். வாலாட்டி, நாற்பத்தொன்று. தகைவிலான், முப்பத்தாறு. ஒவ்வொரு எண் எழுதும்போதும் இளையவளுக்கு விரலில் முள் குத்தியது போல இருந்தது. தன் பெயரடைவு தன் கண்முன்னே ஓரகத்தியின் வீட்டுக்கு வழி காட்டும் பலகையாக மாறுகிறதே என்று. மூத்தவளுக்கும் குரல் கம்மிக்கொண்டே போனது. ஒவ்வொரு எண்ணுக்கும் தன் எட்டுப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வது அவளுக்குத் தெரியாதா?

திங்கட்கிழமை காலை இளையவள் அச்சகத்தில் பதிப்பாளரம்மாவைப் பிடித்தாள். படத்தின் எண்கள் தடித்த எழுத்தில் ஏறியிருந்தன. பைண்டரைக் கூப்பிட்டார்கள்.

"கரண்டிவாயன்" என்றாள் பதிப்பாளரம்மா.

பைண்டர் பின்னால் போனார், முன்னால் வந்தார், படத்தின் மேல் விரலை வைத்தார். "இதா? மூக்கைப் பாருங்க, பேர் வெச்சவன் சும்மா வெக்கல" என்று தானாகவே பக்கத்துப் பறவையையும் பார்த்தார். முப்பது வருடத்தில் யாரும் கேட்காமல் அவர் ஒரு புத்தகத்துக்குள் பார்த்தது அன்றுதான்.

இன்டெக்ஸ் ஏறியது. செய்தி கேட்டதும் மூத்தவள் "சரி" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த தூரிகைகளை மறுபடியும் கழுவினாள்.

பதினைந்து நாளில் முதல் பிரதி வீட்டுக்கு வந்தது. மாமனார் ஜன்னலோரம் நாற்காலி போட்டு, ஒவ்வொரு பறவையாகத் தேடித் தேடிப் பார்த்தார். பாதி நாள் போனது. பிறகு கூப்பிட்டார்.

"சின்னவளே, வளைமூக்கு உள்ளானுக்குப் படம் முந்நூத்தி முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கே. அங்க போனா உன் இன்டெக்ஸுக்கே திரும்ப வந்து நிக்கிறேன். வட்டமா சுத்த விடுறியேம்மா."

இளையவள் ஓடிப்போய்ப் பென்சில் தாளை எடுத்துப் பார்த்தாள். முந்நூற்று முப்பத்தொன்று. அவள் கையெழுத்துதான். ஆயிரம் பிரதியும் அச்சாகிவிட்டது. பதினோரு வருடத்தில் அவள் கண்ணுக்குத் தப்பிய பிழை இதுபோல ஒன்று கிடையாது. எப்படித் தப்பியது? எழுதும்போது நெஞ்சு எரிந்துகொண்டிருந்ததே, எண்ணை யார் பார்த்தார்கள். அப்புறம்தான் அவளுக்கு நினைவு வந்தது. அந்த ஒரு பறவைக்கு மட்டும் மூத்தவள் கைப்பிரதியைப் பார்க்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

மூத்தவள் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வேணும்னு சொன்னியாக்கா?"

"எதை?" என்று கேட்டுவிட்டு, மடித்த துண்டை மறுபடி பிரித்து மடித்தாள். "அது தப்பு நம்பர் இல்ல. என் எட்டுப் பக்கம் இருந்திருந்தா அந்த உள்ளானோட குளிர்கால உடுப்பு அங்கதான் இருந்திருக்கும்."

"என் இன்டெக்ஸை நாசம் பண்ணிட்ட."

"நீ முந்நூத்திப் பன்னண்டு பண்ணின. நான் ஒண்ணு பண்ணினேன். அப்படிப் பாத்தா நான் உத்தமிதான்."

"அந்தப் படத்தைக் காட்டு" என்றாள் இளையவள். எட்டுப் படங்களில் ஒன்றைக்கூட அவள் அதுவரை சரியாகப் பார்த்ததில்லை. பார்த்தால் தோற்றுவிடுவோமோ என்ற பயம்.

மூத்தவள் பீரோவைத் திறந்து எடுத்துத் தந்தாள். கோடையில் செங்கல் நிறத்தில் நிற்கும் பறவை இங்கே வெறும் சாம்பலாக நின்றது. பளபளப்பு இல்லை, யாரும் சுவரில் மாட்டமாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு சாம்பல் இறகுக்கும் விளிம்பில் மயிரிழை அளவு வெள்ளை. காற்று வீசினால் அந்த வெள்ளைதான் முதலில் அசையும் போல. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று இளையவள் எதிர்பார்க்கவில்லை. மீன்கொத்தியைப் பார்த்து வந்த எரிச்சலெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மறுநாள் பதிப்பாளரம்மா, "பிழைத்திருத்தச் சீட்டு ஒண்ணு அடிச்சு உள்ளே வெச்சுடலாம். படம் அறுபத்தொண்ணாம் பக்கம்னு போட்டா போச்சு" என்றாள்.

"சீட்டு வேணாங்க. அந்தப் படத்தையே தனித்தாளா அடிச்சு, முந்நூத்தி முப்பத்தொண்ணாம் பக்கத்துல ஓரத்துல பசை தடவி ஒட்டிடலாம். அப்ப நம்பர் சரியாயிடும்" என்றாள் இளையவள்.

மூத்தவள் சந்தேகமாகப் பார்த்தாள். "எதுக்குடி திடீர்னு இந்தக் கரிசனம்?"

"உனக்காக இல்ல. என் இன்டெக்ஸ்ல தப்பு இருக்கக் கூடாது."

"அதானே பாத்தேன்."

ஆயிரம் பிரதி, ஆறு நாள். பைண்டரின் பட்டறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒட்டினார்கள். "உன் பக்கம் கோணுது" என்பாள் ஒருத்தி. "உன் பசை வழியுது" என்பாள் மற்றவள். பைண்டர், "ரெண்டும் நேராத்தான் இருக்கு தாயி, என் காதுதான் கோணிப்போச்சு" என்று அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

புத்தகம் கடைக்குப் போனது. ஒட்டின தாள் கொஞ்சம் தடிமன் ஆனதால், யார் கையில் எடுத்துத் திறந்தாலும் அது முந்நூற்று முப்பத்தோராம் பக்கத்தில்தான் போய் விரிந்தது. பெயர்களுக்கு நடுவே அந்தச் சாம்பல் பறவை. எல்லோரும், "எவ்வளவு அழகா இருக்கு" என்றார்கள். இளையவள் கடை வாசலில் நின்று அதைக் கேட்டுப் பல்லைக் கடித்தாள். பக்கத்தில் நின்ற மூத்தவளும் பல்லைக் கடித்தாள், ஏனென்றால் பறவையைப் பார்த்த கையோடு அத்தனை பேரும் ஓரத்துப் பெயர்களைப் படிக்க ஆரம்பித்து, "அட, எங்க ஊர் பேர்கூட இருக்கே" என்று அங்கேயே நின்றுவிட்டார்கள். இரண்டு பேரும் ஒரே பேருந்தில் ஒரே இருக்கையில் வீட்டுக்கு வந்தார்கள்.

கதை அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்திருங்கள், மெதுவாக. உங்கள் வீட்டில் தேடுகிற பொருள் தேடின நேரத்தில் கைக்குக் கிடைக்கட்டும். ஒரே கூரையின் கீழ் இருக்கிறவர்கள் செய்த வேலையெல்லாம் ஒருவர் கண்ணிலாவது படட்டும். சண்டை போட்டாலும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற குடும்பமாக நீங்கள் நூறு வருடம் நிறைந்து இருங்கள்.